மீதி பூஜ்யம்

"தங்கள் எண் சரியானதல்ல. பதிவகத்தை அணுகவும்" என்றது மருந்துப் பெட்டி.

பெண் குரல், மரியாதையான குரல். பிரகாசி மகளின் உள்ளங்கையைச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி கண்ணாடியில் வைத்தாள். பெட்டி அதே மரியாதையோடு அதையே சொன்னது.

"ஈரக் கையா இருக்கும். ஊதிட்டு வையி," என்றாள் வரிசையில் பின்னால் நின்றவள்.

ஈரம் இல்லை என்று தெரிந்தும் பிரகாசி ஊதினாள். கூச்சத்தில் ஷைனி சிரித்தாள். ஒன்பது வயதுப் பெண். நாலு வயதில் அவள் கணையம் வேலையை நிறுத்தியது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. ஊசி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்பத்திரி டாக்டர் பிரகாசியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். மறுமுறை கேட்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

அந்தத் துறைமுகத்து ஊரில், நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, எல்லோர் உள்ளங்கையிலும் தோலுக்கு அடியில் ஒரு சில்லு உண்டு. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கடுகு. கடுகுக்குள் ஓர் எண். ஆளுக்கு ஒரு பகா எண் என்று சட்டம் வந்தபோது உயிரோடிருந்தவர்களுக்கு முந்நூறு இலக்கத்தில் கொடுத்தார்கள். பிற்பாடு பிறந்த பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கூடுதலாக இருக்கட்டும் என்று அறுநூறு இலக்கம். தன் எண் என்னவென்று யாருக்கும் தெரியாது. பேருந்துக் கதவு, சம்பளம், ரேஷன், மருந்து எல்லாவற்றையும் அது திறந்தது. அவ்வளவு தெரிந்தால் போதும். பதிவகத்தில் பெயர்களே கிடையாது என்பதில் அரசாங்கத்துக்குப் பெருமை. வெறும் எண்கள். எது யாருடையது என்று அரசாங்கத்துக்கே தெரியாது, ஆகவே யாரும் யாரையும் பின்தொடர முடியாது.

சித்திரை பிறந்த வாரத்தில் எல்லா எண்களுக்கும் புதிதாக ஒரு சோதனை வைத்தார்கள். தேறாதவர்கள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்று செய்தியில் வாசித்தார்கள். தேறாமல் போன அந்தச் சிலரில் ஷைனி ஒருத்தி.

பணியில் இருந்த டாக்டர், எண் இல்லாதவர்களுக்கென்று வைத்திருந்த அவசர மருந்தில் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். "ஒரு ஆளுக்கு ஒரு தடவைதாம்மா. இதுக்குள்ள பதிவகத்துல சரி பண்ணிருங்க," என்றார். ஓரிரு மணி நேரத்தில் முடியும் வேலை என்பதுபோல்தான் அவர் சொன்னார்.

*

பதிவகத்தில் அவள் முறை வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவள் தாட்சாயணி. கணிதம் படித்துவிட்டு உதவிப் பதிவாளராக வந்தவள். சேலத்துப் பக்கம். அன்று காலையிலிருந்து பதினைந்து இருபது பேரிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டியிருந்தது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"நண்டுக் கம்பெனியில சதை எடுக்கேன் மேடம்."

"டப்பாவுல அடைப்பீங்கல்ல? பதிமூணு டப்பாவை வரிசையா அடுக்குங்க. ரெண்டு ரெண்டா, மூணு மூணா, எப்படி அடுக்கினாலும் மிச்சம் நிக்கும். அது பகா எண். பதினஞ்சு டப்பான்னா அஞ்சு அஞ்சா மூணு வரிசை, கச்சிதமா முடிஞ்சிரும். அது பகு எண். அஞ்சும் மூணும் அதோட காரணி. ஆளுக்குக் கொடுக்கற எண் கூறுபடக் கூடாது. கூறு தெரிஞ்சவன் பூட்டைத் திறந்துருவான்."

"எம்பிள்ளை எண்ணு எப்படிக் கூறுபடுது?"

"அது தெரியாது."

"தெரியாமலா சரியில்லங்கீங்க?"

தாட்சாயணி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "புதுச் சோதனை எண்ணை வகுத்துப் பாக்காதும்மா. வேற ஒரு கணக்கை அதுகிட்டக் கொடுக்கும். பகா எண்ணா இருந்தா ஒரே ஒரு விடைதான் வரணும். உங்க பொண்ணோட எண் வேற விடை சொல்லுது. அதனால பகு எண், அதுல சந்தேகமே இல்ல. எந்த ரெண்டைப் பெருக்கி வந்ததுன்னு மட்டும் சோதனை சொல்லாது."

பிரகாசி தன் கையைப் பார்த்தாள். பிறகு, "தண்ணி நண்டு மாதிரி," என்றாள். "தூக்கிப் பாத்தாலே உள்ள சதை இல்லன்னு கை சொல்லிரும். உடைக்க வேண்டாம்."

"அதேதான். ஆனா சட்டம் உடைச்சுக் காட்டச் சொல்லுது."

சட்டத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆரம்ப வருடங்களில் வழக்கில் மாட்டியவர்களும் பெண்டாட்டியை விட்டு ஓடியவர்களும் என் எண் பழுது, புதிது கொடு என்று பதிவகத்தை மொய்த்தார்கள். விஷயம் நீதிமன்றம் போயிற்று. வகுபடும் என்பவர் எதால் வகுபடும் என்று காட்டட்டும், காட்டினால் புதிய எண் கொடுக்கலாம், அதுவரை பழைய எண்ணே அவருடையது என்று தீர்ப்பு. அன்று அது நியாயமாகத்தான் இருந்தது. புதிய சோதனை வந்ததும் நியாயத்தின் இரண்டு கதவுகளும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன. பழைய எண் செல்லாது. புதிய எண் கிடையாது.

"அந்தக் காரணியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாளாவும் மேடம்?"

"உலகத்துல இருக்கற கம்ப்யூட்டரையெல்லாம் உக்கார வெச்சாலும் உங்க பேத்தி காலத்துல கூட முடியாது."

"பேத்தி வரணும்னா எம்மவ இருக்கணும்லா."

தாட்சாயணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

*

சோதனையில் தோற்றவர்களுக்கு ஊர் சீக்கிரமே ஒரு பெயர் வைத்தது: பகு. பதிவகத்துக்கு எதிர்ச் சாரியில் வேப்ப மரங்களுக்குக் கீழே இளவட்டங்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்தார்கள். 'காரணி பார்க்கப்படும்' என்று அட்டை. பிரகாசி தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு பையனுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பதிவகத்துத் தாளிலிருந்து ஏற்றிய ஷைனியின் எண் திரையில் பதினைந்து வரிக்கு நீண்டு கிடந்தது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று தொடங்கிக் கோடி வரை வகுத்துவிட்டு, "இன்னும் மேல போகணும்க்கா," என்றான். எவ்வளவு மேலே என்று அவனுக்கும் தெரியாது. அந்த எண்ணுக்கு முன்னால் கோடி என்பது கடலோரத்தில் நனைந்த கட்டைவிரல்.

நண்டுக் கம்பெனியில் மேற்பார்வையாளர் அவளைத் தனி மேஜைக்கு மாற்றினார். எண் பழுது ஒட்டுவாரொட்டி அல்ல என்று அவருக்கும் தெரியும். "நாலு பேரு பேசுதாவ," என்றார். பேசத்தான் செய்தார்கள். "ஏட்டி பிரகாசி, ஒம்மவ கூறுபடுவாளாமே. பாதிய எனக்குக் குடு, ஆம்பளப் பயலுவளா பெத்து அலுத்துப்போச்சு," என்றாள் ஒருத்தி. பழைய மேஜை முழுக்கச் சிரித்தது. பிரகாசியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் நாளைக்கு இன்னொன்று வரும்.

ஷைனி அதுவரை உயிரோடிருந்ததற்குக் காரணம் குரூஸ் அண்ணாச்சி. அடுத்த வீட்டுக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், முப்பது வருட சர்க்கரைக்காரர். மருந்து ஒன்றுதான், அளவுதான் வேறு என்று டாக்டரிடம் ஜாடையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் கையை வைத்து வாரா வாரம் வாங்கிய மருந்தில் பாதியைப் பழைய ஊசியில் உறிஞ்சி ஷைனிக்குக் கொடுத்தார். பெட்டி அளந்துதான் கொடுக்கும், ஒரு சொட்டு கூடக் கொடுக்காது. ஆகவே அவர் பாதி ஆளானார். இரண்டு மாதத்தில் அவருடைய இடது கால் பெருவிரல் கறுத்தது.

"பத்து விரல் எதுக்கு எனக்கு? ஒம்பதுன்னா செருப்பு காத்தாடியா இருக்கும்," என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணாச்சி."

"போனா நர்சு முழு மருந்தையும் எனக்கே போட்டுருவா. அப்புறம் பிள்ளைக்கு?"

காய்ச்சல் வந்து அவர் தன்னையறியாமல் பேச ஆரம்பித்த அன்று பிரகாசியே ஆட்டோ பிடித்து அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது மிச்ச மருந்தை அவள் கையில் திணித்தார். சிக்கனமாகப் போட்டால் மூன்று நாள் வரும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் அவர் கேட்டார்: "அந்தக் கணக்கு மேடம் என்ன சொன்னா, ரெண்டு எண்ணப் பெருக்கி வந்ததுன்னா?"

"ஆமா."

"எண்ணு தானா பெருகாதுல்லா. எவனோ ஒருத்தன் பெருக்கியிருக்கணும். அவனப் போய்ப் பிடி."

கணக்குப்படி அது தப்பான பேச்சு. பகு எண்களை யாரும் பெருக்கி உண்டாக்க வேண்டியதில்லை. அவை பாட்டுக்கு இருக்கின்றன, கடலில் கல் கிடப்பதுபோல. ஆனால் பிரகாசிக்குக் கணக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு மனிதன் ஞாபகத்துக்கு வந்தான்.

ஷைனி பிறந்தது புயல் வாரத்தில். ஆஸ்பத்திரித் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர், மாடியில் பிரசவம். குறைமாதம். கண்ணாடிக் கூண்டில் வைக்க வேண்டிய பிள்ளை. கூண்டோ எண் இல்லாமல் சூடாகாது. எண் பதிகிற பெருமாள் என்பவர் மாடிப்படியில் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைவசம் இருந்த எண்கள் தீர்ந்துவிட்டன, புதிது வரவழைக்கத் தொலைபேசிக் கம்பியும் இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. பிரகாசியின் புருஷன் இன்னாசி அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். கொஞ்ச நேரம் யோசித்த பெருமாள், சாட்சிக்கு வைப்பதுபோல் தாய், தகப்பன் இரண்டு பேர் கையையும் இயந்திரத்தில் வைக்கச் சொன்னார். என்னவோ தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அப்போது அவர் சொன்னதைப் பிரகாசி வேடிக்கைப் பேச்சாகவே ஒன்பது வருடம் நினைத்திருந்தாள்.

"ஒங்க ரெண்டு பேரையும் பெருக்கிப் போட்டுட்டேன். அம்மா, அப்பா, ரெண்டும் இதுக்குள்ள இருக்கு. இனி எவனாலயும் பிரிக்க முடியாது."

பெருமாள் இறந்து நாலைந்து வருடம் ஆகிறது. பிரகாசி குரூஸ் அண்ணாச்சியின் போர்வையைச் சரி செய்துவிட்டு எழுந்து பதிவகத்துக்கு ஓடினாள்.

*

தாட்சாயணி முதலில் நம்பவில்லை. "பெருக்கினா சோதனையில..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். கையில் தூக்கிப் போகும் இயந்திரத்தின் அந்தக் காலத்துச் சோதனை சின்ன எண்களால் வகுபடுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். முந்நூறு இலக்கப் பகா எண் இரண்டைப் பெருக்கினால் அது கண்ணில் படாது. முந்நூறும் முந்நூறும் அறுநூறு. நீளம்கூடச் சரியாக வருகிறது.

"கைய வைங்க," என்றாள்.

பிரகாசியின் உள்ளங்கையில் நண்டு முள் கிழித்த தழும்புகள். கண்ணாடியில் கையை வைத்தாள். மகளின் எண்ணைத் தாயின் எண்ணால் வகுக்க இயந்திரத்துக்கு இமைப்பொழுதுகூட ஆகவில்லை. உலகத்துக் கம்ப்யூட்டர்கள் சேர்ந்தும் செய்ய முடியாதது.

மீதி: பூஜ்யம்.

அதற்குக் கீழே ஈவு. முந்நூறு இலக்கம், ஏழெட்டு வரி.

தாட்சாயணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிரகாசி திரையைப் பார்த்தாள். அந்த வரிகள் யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷைனிக்கு இரண்டு வயதாக இருக்கும்போது இன்னாசி போன படகு திரும்பவில்லை. கூடப் போனவர்கள் உடல் கிடைத்தது, அவன் உடல் கிடைக்கவில்லை. எண் தெரியாமல் இறந்ததாகப் பதிய முடியாது என்று இதே பதிவகம் அப்போது சொன்னது. கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோனாள். அந்த எண் இத்தனை நாளும் மகள் கையில் இருந்திருக்கிறது.

"இப்ப புது எண்ணு குடுத்துருவீங்கல்லா?"

"குடுக்கலாம். ஆனா..." தாட்சாயணி குரலைத் தாழ்த்தினாள். "காரணியை அரசிதழ்ல போடணும். போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அப்புறம் உங்க எண் செல்லாது. உங்களுக்கு வேற எண் வர ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அதுவரை சம்பளம் கிடையாது, ரேஷன் கிடையாது, பஸ்ல ஏற முடியாது."

"செரி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு?"

"இன்னொண்ணு. உங்களுதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒண்ணு தெரிஞ்சா மத்தது தானா வந்துரும், வகுத்துப் பாத்தாப் போச்சு. ரெண்டு பேரும் சம்மதிக்கணும். உங்க வீட்டுக்காரர் இல்லாததால அவர் எண்ணை முதல்ல அணைச்சுட்டு..." சொல்லிக்கொண்டே தட்டினாள். விரல் நின்றது.

"என்ன மேடம்?"

"எண் உயிரோட இருக்கு."

பிரகாசி புரியாமல் பார்த்தாள்.

"புழக்கத்துல இருக்கும்மா. இன்னைக்குக் காலையில கூட யாரோ... இந்தக் கையால எதையோ வாங்கியிருக்காங்க. எங்கேன்னு எனக்குக் காட்டாது. ஆனா இருக்கு."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது வயிற்றெரிச்சல்தான். ஏழு வருடம். மெழுகுவத்தி ஏற்றாத வெள்ளிக்கிழமை இல்லை. பிள்ளைக்கு ஊசி குத்தக் கற்றுக்கொண்டது தனியாக, பள்ளிக்கூடம் சேர்த்தது தனியாக. அவன் எங்கேயோ காலையில் கடைக்குப் போய் எதையோ வாங்கியிருக்கிறான். யாருக்கு வாங்கினான்?

"சம்மதம் கேட்டு அவர் கைக்கு அனுப்பலாம். அடுத்து எந்தக் கண்ணாடியில கை வெச்சாலும் திரையில வரும், அங்கேயே பதில் எழுதலாம்," என்றாள் தாட்சாயணி. "ஒரு தடவைதான். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

பிரகாசியின் வாயில் எத்தனையோ வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"ஷைனி மருந்துக்குன்னு எழுதுங்க. வர வேண்டாம்னு எழுதுங்க."

தாட்சாயணி எழுதினாள். அனுப்பினாள். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் பதில் வந்தது. தாட்சாயணி படித்துவிட்டுத் திரையைத் திருப்பினாள்.

'ஷைனி யார்?'

"மறந்துட்டாவளா?" என்றாள் பிரகாசி. கேட்கும்போதே அது அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான்.

தாட்சாயணி எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "கரை ஒதுங்கற உடம்புல இருந்து கடுகை எடுத்து விக்கறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். எண்ணை அணைக்காம விட்டிருந்தா அது வேலை செய்யும். பெயர் கிடையாதே. யார் கையில இருந்தாலும் பதிவகத்துக்கு ஒண்ணுதான்."

"அப்ப அவிய..."

"ஆமாம்மா."

பிரகாசி அழவில்லை. அரை மணி நேரத்தில் புருஷன் ஒருமுறை உயிரோடு வந்து ஒருமுறை செத்துப்போனான். அவன் உயிரோடிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தையும் அவள் வைவதில் செலவழித்துவிட்டாள்.

"இன்னொரு தடவ எழுதுங்க," என்றாள்.

"ஒரு தடவைதான் அனுப்பலாம். மறுபடி அனுப்பினா என் பேர்ல பதிவாகும். திருட்டுக் கடுகுன்னு தெரிஞ்சும் புகார் பண்ணாம..." தாட்சாயணி அறைக்கதவைப் பார்த்தாள். எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்து, "சொல்லுங்க," என்றாள்.

"இந்த எண்ணு எம் புருஷனோடது. ஒங்களப் பிடிச்சுக் குடுக்க மாட்டேன். எம் பிள்ளைக்கு ஒம்பது வயசு. ரெண்டு நாளைக்குத்தான் மருந்து இருக்கு. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

கடைசி வாக்கியத்தையும் தாட்சாயணி சேர்த்தே எழுதினாள்.

*

அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மருந்து சிக்கனமாகப் போட்டும் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே தீர்ந்தது. ஷைனி சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்ததை வாந்தியெடுத்தாள். அவள் மூச்சில் அழுகிய பழ வாடை வந்ததும் பிரகாசி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சலைன் ஏற்றினார்கள். சலைனுக்கு எண் தேவையில்லை. அதே டாக்டர் அலமாரியைத் திறந்து காட்டினார், அவசரப் புட்டிகள் இருந்த தட்டு காலி. "இந்த மாசம் எல்லாரும் வந்துட்டாங்கம்மா," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

குரூஸ் அண்ணாச்சி பக்கத்து வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே கட்டு மட்டும்தான் இருந்தது.

"விரல்னு சொன்னேன். கொசுறு சேத்து எடுத்துட்டானுவ," என்றார். சிரிப்பு பாதியில் உடைந்தது. ஷைனியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்திக்கொண்டார்.

ஷைனி கண்ணைத் திறந்து, "எம்மா, நான் எதால வகுபடுவேன்னு கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தான் அவளைக் கேலி செய்வார்கள்.

"கண்டுபிடிச்சாச்சு. என்னாலயும் ஒங்கப்பாவாலயும்."

"வேற யாராலயும் முடியாதா?"

"முடியாது."

"அப்ப நல்ல எண்ணுதான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது. அந்த மூச்சு எங்கே போய் முடியும் என்றுதான் டாக்டர் முன்பு சொல்லியிருந்தார்.

நடுப்பகல் தாண்டியதும் வராந்தாவில் யாரோ ஓடி வரும் சத்தம். தாட்சாயணி. தோள்பையில் கை இயந்திரம், காலில் செருப்பு இல்லை. ஆட்டோவில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். பேச மூச்சு இல்லாமல் திரையை நீட்டினாள்.

சம்மதம் என்ற கட்டத்தில் உள்ளங்கை அடையாளம் விழுந்திருந்தது. கீழே எழுதியிருந்தது:

'பிள்ளைக்கு எடுத்துக்குங்க. தாமதத்துக்கு மன்னிக்கணும். வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கிப் போட ஒரு நாள் வேண்டியிருந்தது, இனிமேல் வாங்க முடியாதில்லையா. நான் ஏன் இதை வாங்கினேன் என்று கேட்க வேண்டாம். அந்த மனுஷனைப் பற்றி விசாரித்துத்தான் வாங்கினேன். கரையில் ஒதுங்கினவரை மாதா கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்து சிலுவை வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். இங்கே மழை அதிகம், இடம் பச்சையாக இருக்கும்.'

ஊர்ப் பெயர் இல்லை. எழுதினால் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம்.

"கைய வைங்க," என்றாள் தாட்சாயணி. "கடைசித் தடவை."

பிரகாசி வைத்தாள். இரண்டு முந்நூறு இலக்க எண்களும் அரசிதழுக்குப் போயின. பிறகு ஷைனியின் துவண்ட கையைப் பிடித்து இயந்திரத்தில் அழுத்தினார்கள். பழைய எண் போய்ப் புதிய எண் ஏறியது. குரூஸ் அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மருந்துப் பெட்டிக்கு வழிகாட்டிக்கொண்டே முன்னால் போனார். நர்ஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"வணக்கம். தங்கள் மருந்து தயார்," என்றது பெட்டி, அதே மரியாதையோடு.

*

ஷைனி தேறி வீடு திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் தாட்சாயணியின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். விசாரணை நடக்கிறது என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பேருந்து வந்து நின்றது. ஷைனி ஓடிப்போய்க் கையை வைத்தாள். கதவு திறந்தது. உள்ளே ஏறித் திரும்பிப் பார்த்து, "வாம்மா," என்றாள். பிரகாசி பழக்கத்தில் கையை வைத்தாள். கதவு அவளுக்கு முன்னால் மூடியது. "தங்கள் எண் சரியானதல்ல."

ஷைனி உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினாள். ஓட்டுநர் முனகிக்கொண்டே கதவைத் திறந்தார். பிள்ளை இறங்கிவிட்டாள்.

"நீ போ, ஏட்டி. நிறுத்தத்துல இறங்கி நில்லு, நான் நடந்து வந்துருதேன்."

"நானும் நடக்கேன்."

இரண்டு பேரும் நடந்தார்கள். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. வேப்ப மரத்தடியில் அட்டைகள் இன்னும் இருந்தன, பையனுக்குப் பக்கத்தில் வேறொரு தாய் உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ மழை அதிகமுள்ள ஓர் ஊரில், கதவு திறக்காத ஒரு மனிதனும் இந்நேரம் நடந்துகொண்டிருப்பான் என்று பிரகாசி நினைத்தாள்.

"எம்மா, என் புது எண்ணு எதால வகுபடும்?"

"எதாலயும் வகுபடாது. சோதிச்சுத்தான் குடுத்திருக்காவ."

ஷைனி உள்ளங்கையை வெயிலில் விரித்துப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தாள்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இதுல இல்லயா?"

பிரகாசி அந்தக் கையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். வீடு இன்னும் தூரத்தில் இருந்தது.